விமானத்துக்கு ஒரு சோடி ஷொக்

விமானத்தின் கண்ணாடி மூடி சித்தப்பாவின் தலையில் விழுந்தது ஏப்ரல் விடுமுறையின் முதல் கிழமையில். மூடியைக் குறை சொல்ல முடியாது. அதைத் தூக்கி நிறுத்தியிருந்தது ஒரு தும்புத்தடி. வீடு கூட்டுவதற்கென்று பிறந்த தடி எவ்வளவு காலத்துக்குத்தான் விமானத்தைத் தாங்கும்?

விமானம் என்றால் விளையாட்டு விமானம் இல்லை. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து உண்மையாகவே பறக்கக்கூடிய விமானம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் சித்தியும் சித்தப்பாவும் இருந்தார்கள். அந்த வீட்டுக் கராஜுக்குள்தான் மூன்று வருடங்களாக அது வளர்ந்துகொண்டிருந்தது. பாகங்கள் மரப்பெட்டிகளில் கப்பலில் வரும். கூடவே டெலிபோன் புத்தகம்போல ஒரு செய்முறைப் புத்தகமும் வந்திருந்தது. உடல் கராஜில் நின்றது. சிறகுகளுக்கு அங்கே இடமில்லாததால், இரண்டையும் பழைய படுக்கை விரிப்புகளால் சுற்றி வரவேற்பறைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். சாமிப் படங்கள் குசினிப் பக்கம் இடம்மாறின. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த நீண்ட பொதியைப் பார்த்து என்ன என்று கேட்டால், சித்தி, "அவரைத்தான் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவார்.

சித்தப்பா லிப்ட் திருத்துகிறவர். கொள்ளுப்பிட்டியில் உயர உயரமாக நிற்கும் அலுவலகக் கட்டடங்களில் எது நடுவழியில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காலம் முழுக்க ஆட்களை மேலேயும் கீழேயும் அனுப்பிய மனிதருக்கு ஒருமுறையாவது முன்னாலும் போய்ப் பார்க்க ஆசை வந்ததில் அதிசயமில்லை என்று அப்பா சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பறக்கப் பழகி, அதற்கான பத்திரமும் எடுத்து வைத்திருந்தார். பறப்பதற்கு அவரிடம் எல்லாமே இருந்தது. விமானம் மட்டும்தான் குறை.

சித்தி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். அவருக்கு இந்த விமானம் பிடிக்காது என்பது எங்கள் குடும்பம் முழுவதும் அறிந்த செய்தி. அவர் வாயில் அது 'அந்தச் சாமான்'. "அந்தச் சாமானை விட்டிட்டு வந்து சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம் சொல்லி அனுப்புவார். குசினியின் பின்படியிலிருந்து கராஜ் வாசல் பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியைச் சித்தி கடந்து நான் பார்த்ததில்லை. கலியாண வீடுகளில் மற்றப் பெண்கள் அவருடைய கையைப் பிடித்து, என்ன செய்கிறது, குடிக்கிறாரில்லை, புகைக்கிறாரில்லை, இது ஒன்றுதானே என்று ஆறுதல் சொல்வார்கள். சித்தி அந்த ஆறுதலை மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

எனக்கு அப்போது பத்து வயது. இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. விடுமுறை வந்தால் காலையில் பல் துலக்கிய கையோடு சித்தப்பா வீட்டுக்கு ஓடிவிடுவேன். விமானத்தில் இரண்டு இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடது பக்கம் சித்தப்பாவுக்கு. வலது பக்கம் எனக்கு. அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. இல்லையென்றும் யாரும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

மூடி விழுந்த கதைக்கு வருகிறேன். இரண்டு இருக்கைகளுக்கும் மேலே கவிழ்த்த தோணிபோல ஒரே கண்ணாடி. உண்மையில் அது கண்ணாடியும் இல்லை, தடித்த பிளாஸ்டிக். அலுமினியச் சட்டத்தில் பொருத்தியது. முன்பக்கம் கீலில் மாட்டியிருக்க, பின்பக்கம் மேலே எழும்பும். சித்தப்பா உள்ளே குனிந்து வயர் கட்டிக்கொண்டிருந்தபோது தும்புத்தடி வழுக்கியது. அவர் தலையில் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியது. அவர் தலையைத் தடவவில்லை. மூடியைத்தான் தடவினார். டோர்ச் அடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். கீறல் இல்லை என்று உறுதியான பிறகுதான், "ஐயோ, நோகுது" என்றார். அந்த மூடி வெடித்தால் இன்னொன்று கப்பலில் வந்து சேர ஒரு வருடமாவது ஆகும். சிறிய வெடிப்பும் நாளடைவில் ஓடி ஓடிப் பெரிதாகிவிடுமாம்.

"இனித் தும்புத்தடி சரிவராது பிள்ளை. இதுக்கு ஷொக் போட வேணும்" என்றார்.

வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டால் தானாக நிற்கிறதே, அதைத் தாங்கும் கறுப்புத் தடிதான் ஷொக். குழாய்க்குள் காற்றை அடைத்திருப்பார்கள். அமத்தினால் உள்ளே போகும், விட்டால் தள்ளிக்கொண்டு வெளியே வரும். விமானத்தோடு வரவேண்டிய சோடி எந்தப் பெட்டியிலும் இருக்கவில்லை. நாங்கள் முதலில் மூடியின் பாரம் பார்த்தோம். சித்தி நிறை பார்க்கும் தராசைக் குளியலறையிலிருந்து நான் கடத்திக்கொண்டு வந்தேன். அதன்மேல் தும்புத்தடியை நிறுத்தி, தடியின்மேல் மூடியை வைத்து, எண்ணை வாசித்தது நான். அடுத்த நாள் காலை அந்த எண் எழுதிய துண்டோடு இருவரும் பஸ் ஏறினோம்.

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகங்கள் இல்லாத கடை கிடையாது. வாசல்களில் கதவுகள் கதவுகளாக அடுக்கியிருக்கும். இருப்பதையெல்லாம் பொருத்தினால் கொழும்பில் இன்னொரு மடங்கு வாகனம் ஓடும். நாலாவது கடையில், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஒரு முஸ்லிம் நானா இருந்தார்.

"எந்த வாகனத்துக்கு சேர்?"

"பிளேனுக்கு."

"அது புது வேனா?"

"இல்ல நானா. ஏரோபிளேன். பறக்கிறது."

நானா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். சித்தப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆனால் முப்பது வருடக் கடைப் பழக்கம் ஒருவரை இலேசில் விட்டுவிடுமா?

"எத்தினையாம் ஆண்டு மொடல்?"

"இன்னும் பிறக்கேல்ல. வீட்ட செய்துகொண்டிருக்கிறன்."

அதன்பிறகு அந்தக் கடையில் வேறு யாருக்கும் வியாபாரம் நடக்கவில்லை. நானா தன் ஆட்களை ஏணியில் ஏற்றினார். முதலில் வேன் ஷொக் வந்தது. சித்தப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது தள்ளுகிற தள்ளில் மூடி வளைந்து வெடித்துவிடும் என்றார். அடுத்து ஜீப்புக்கானது, அது அதைவிட மோசம். கடைசியில் பரணின் மூலையிலிருந்து, சின்னக் காரொன்றின் பின்கண்ணாடியை மட்டும் தூக்கும் மெல்லிய சோடியொன்று தூசியோடு இறங்கியது.

"பிள்ளை, இதை அமத்திப் பார். உன்னால அமத்த ஏலுமெண்டால் காணும்" என்றார் சித்தப்பா.

நிலத்தில் நிறுத்தி, நெஞ்சைக் கொடுத்து, காலிரண்டையும் தூக்கி முழுப் பாரத்தையும் போட்டேன். கொஞ்ச நேரம் அது என்னை மதிக்கவில்லை. பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கியது. கடைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலை நிலத்தில் ஊன்றியதும் என்னைத் தள்ளிக்கொண்டு எழும்பியது.

"மகளும் ஏறப் போறீங்களா பிளேன்ல?" என்று நானா கேட்டார்.

சித்தப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் ஓம் என்றேன்.

மெல்லிய கம்பிப் பக்கம் கீழே பார்க்கும்படி பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உள்ள எண்ணெய் வற்றிவிடும் என்று நானா சொல்லித் தந்தார். கடை வாசல்வரை கூடவே வந்து, "பறக்கிற அண்டைக்கு ஒரு கோல் குடுங்க சேர். கடையப் பூட்டிட்டு வாறேன்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சன நெரிசல். ஒரு ஷொக்கை சித்தப்பா பிடித்திருந்தார். மற்றதை நான் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து வைத்திருந்தேன். நடத்துநர் அதென்ன என்று கேட்பார் என்று வெள்ளவத்தைவரை காத்திருந்தேன். அவர் கேட்கவேயில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. கராஜின் கூரை வளை தாழ்வானது, மூடியை முழுதாகத் தூக்கினால் இடிக்கும். அதனால் காலையிலேயே சிறகில்லாத விமானத்தை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். நாலு பக்கமும் மாடிக் கட்டடங்கள். உடுப்புக் காயப்போட வந்தவர்கள் காயப்போட மறந்து நின்றார்கள். மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர், "இண்டைக்கோ?" என்று கேட்டார். சித்தப்பா, "இண்டைக்கு மூடி மட்டும்" என்று பதில் சொன்னார்.

முதல் வேலை, ஷொக்கைத் தாங்கும் தகடுகளைச் சட்டத்தில் பூட்ட ஆறு துளைகள். துளை போடும் இடத்திலிருந்து கண்ணாடி ஒரு விரல்தான் தள்ளி இருந்தது. ட்ரில் வழுக்கினால் முடிந்தது கதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியது என் பொறுப்பு. ஒவ்வொரு துளைக்கும் சித்தப்பா மூச்சை அடக்கினார். நானும் அடக்கினேன். அலுமினியத் தூள் என் கையில் சுடச் சுட விழுந்தது. அசையவில்லை. ஆறாவது துளையும் முடிந்தபோது இருவரும் சேர்ந்து மூச்சுவிட்டோம். மாடியிலிருந்தவர்களும் விட்டிருப்பார்கள்.

தகடுகளைப் பூட்டும்போது ஒரு போல்ட் குறைந்தது. சித்தப்பா பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தேடி ஒன்றை எடுத்தார். அது கொஞ்சம் நீளம். பூட்டியபின் நுனி உள்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது.

"நாளைக்குச் சரியானதை வாங்கிப் போடுவம். இப்ப சும்மா ஒருக்கா மூடிப் பாப்பம்" என்றார். மூன்று வருடம் பொறுத்தவருக்கு ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. எனக்கு ஒரு நிமிடமே பொறுக்க முடியவில்லை.

ஷொக்கின் முனைகள் டக், டக் என்று இடத்தில் உட்கார்ந்தன. தும்புத்தடியை எடுத்தோம். மூடி நின்றது. எவரும் பிடிக்காமல், எதுவும் முட்டுக் கொடுக்காமல், வெயிலில் பளபளத்துக்கொண்டு தானாக நின்றது. நான் முற்றத்தைச் சுற்றி ஓடினேன்.

மூடும்போது ஷொக் பக்கத் தகட்டில் உரசுகிறதா என்று உள்ளேயிருந்து பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அதற்குள் வலது இருக்கையில் ஏறிவிட்டேன். சித்தப்பா மெல்ல அமத்தினார். இரண்டு ஷொக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டு மடங்கின. மூடி வந்து உட்கார்ந்தது. அவர் வெளியே இருந்த பிடியைத் திருப்பினார். பின்னால் கொளுக்கிகள் பூட்டும் சத்தம் கேட்டது.

உலகத்தின் சத்தம் நின்றது. முற்றமும் மாடிகளும் கொடியில் தொங்கிய சேலைகளும் கண்ணாடியின் வளைவில் வளைந்து தெரிந்தன. கடல் பக்கமாக ரயிலொன்று போனது. அதன் அதிர்வு மட்டும் இருக்கைக்குள் வந்தது. நான் ஓடுபாதையில் போய்க்கொண்டிருந்தேன். காலி வீதி எனக்குக் கீழே ஒரு நூலாக இருந்தது. அம்மா கையசைத்தா. அந்தச் சில நிமிடங்களில் நான் எவ்வளவு தூரம் போனேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பிப் பார்த்தபோது சித்தப்பா வெளியே பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நீட்டிக்கொண்டிருந்த அந்த போல்ட் நுனி, கொளுக்கிகளை இழுக்கும் கம்பியில் போய் முட்டி இறுகிவிட்டது. பிடி அரை விரல்கூட அசையவில்லை. உள்ளே பூட்ட வேண்டிய பிடி இன்னும் பூட்டப்படவில்லை. அதற்கான துளை மட்டும்தான் இருந்தது. அந்தத் துளையில் வாயை வைத்து சித்தப்பா, "பயப்பிடாத பிள்ளை" என்றார். அவர் அப்படிச் சொல்லும்வரை நான் பயப்படவில்லை.

ஏப்ரல் வெயில், பதினொரு மணி. கண்ணாடிக் கூண்டுக்குள் காற்று அசையவில்லை. இருக்கைத் தகடு தொடையைச் சுட்டது. கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. சித்தப்பா ஸ்பேனரால் திருப்பிப் பார்த்தார், ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். விமானத்தைக் கராஜ் நிழலுக்குத் தள்ளப் பார்த்தார். சில்லுக்கு வைத்திருந்த கல் இறுகிப்போய் அதுவும் நகரவில்லை. நான் இரண்டு கையாலும் மூடியை மேலே தள்ளினேன். அது என்னைக் கணக்கெடுக்கவில்லை. மூச்சு சின்னதாகிக்கொண்டு வந்தது. அழத் தொடங்கினேன். அழுதால் இன்னும் வெக்கையாக இருந்தது.

சித்தப்பா கராஜுக்குள் ஓடினார். திரும்பி வரும்போது கையில் இரும்புச் சுத்தியல். முகத்தை மூடு என்று எனக்குச் சைகை காட்டினார். அவர் அந்த மூடியைத் தொடும்போதுகூடக் கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவார். நான் முகத்தை மூடவில்லை. தலையைத் தலையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். அவர் சுத்தியலை ஓங்கிவிட்டார்.

அந்தக் கையைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது.

சித்தி சமையலுக்குக் கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்திருந்தார். முழங்கைவரை அதன் கறுப்பு மை. அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

"உடைக்காதேங்கோ. முன்பக்கக் கீலைக் கழட்டலாம்தானே. உள்ளுக்கு வளையம் இருக்கெல்லே."

சித்தப்பா சுத்தியலோடு அப்படியே நின்றார். தான் பூட்டிய ஒன்று அடியோடு மறந்துபோன மனிதரின் முகம் அது. சித்தி அவருக்காகக் காத்திருக்கவில்லை. எனக்கு நேரே குனிந்து துளைக்கருகில் வாயை வைத்து ஏதோ சொன்னார். அழுகையில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடனே மை பூசிய விரலால் கண்ணாடியிலேயே ஒரு வட்டம் வரைந்தார். வட்டத்திலிருந்து கீழே ஒரு கோடு. பிறகு அந்த விரலாலேயே என் முழங்காலுக்கு முன்னால், மானிகள் பூட்டிய பலகைக்கு அடியில் காட்டினார்.

குனிந்து கையை விட்டேன். வயர்களுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு வளையம். அது ஆபத்து நேரத்தில் மூடியின் கீல் ஊசிகளை உருவுவதற்கானது. தவறுதலாக யாரும் இழுத்துவிடக் கூடாதென்று, யாரும் என்றால் நான்தான், சித்தப்பா அதை நூலால் உயர்த்திக் கட்டியிருந்தார். முடிச்சு அவிழவில்லை. நிமிர்ந்து சித்தியைப் பார்த்தேன். சித்தி தன் பல்லைத் தொட்டுக் காட்டினார்.

இருக்கையிலிருந்து வழுக்கி இறங்கி, தலையைப் பலகைக்கு அடியில் கொடுத்து, நூலைக் கடித்தேன். நீல நைலோன் நூல். மூன்றாவது கடியில் அறுந்தது. வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்து இழுத்தேன்.

முன்னால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டக் என்றது. அவ்வளவு நேரமும் உள்ளே மடங்கியிருந்த ஷொக்குகள் தங்கள் வேலையைச் செய்தன. மூடியின் முன்பக்கம் மேலே எழும்பியது. சித்தி ஒரு பக்கமும் சித்தப்பா மறுபக்கமும் அதைப் பறந்துபோகாமல் பிடித்தார்கள். கடல் காற்று என் முகத்தில் வந்து மோதியது. பலகைக்கு மேலால் ஊர்ந்து, விமானத்தின் மூக்கில் வயிற்றால் வழுக்கி, மூடியைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு முன்னால் வந்து குந்திய சித்தியின் மடியில் போய் விழுந்தேன். சித்தி என் முகம் கழுத்தெல்லாம் தடவியதில் நானும் கணவாய் நிறமானேன். மாடிகளில் கைதட்டினார்கள்.

ஒரு வாளி தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். ஒரு செம்பு குடித்தேன். சித்தப்பா நிலத்தில் உட்கார்ந்திருந்தார். சுத்தியலை எட்டத் தள்ளிவிட்டார். மூடியை நினைத்துத்தான் கவலைப்படுகிறார் என்று எண்ணி, "பாத்தீங்களா சித்தப்பா, ஒரு கீறலும் இல்ல" என்று ஆறுதல் சொன்னேன். அவர் மூடியைப் பார்க்கவேயில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு சித்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த வளையம் அங்க இருக்கெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

சித்தி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார்.

"கராஜ் கூட்டப் போறனான்தானே."

நான் உண்மை பேசும் பிள்ளையாக வளர்க்கப்பட்டவள். "கராஜ் ஒருநாளும் கூட்டினதில்லையே சித்தி. குப்பையெல்லாம் அப்பிடியே கிடக்கு" என்றேன்.

அடுப்பில் ஏதோ கரியும் மணம் வந்தது. சித்தி எழும்பி உள்ளே போய்விட்டார்.

பின்னேரம் சித்தப்பா அந்த போல்ட்டைக் கழற்றி, நுனியை அரிந்து, அரம் போட்டு அராவி, உள்ளே ஒரு தாள் புகும் இடைவெளி இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்துப் பூட்டினார். உள்பிடியையும் பூட்டினார். கீல் ஊசிகள் பழையபடி ஏறின. இந்தத் தரம் உள்ளே யாரும் இல்லை. மூடினார். திருப்பினார். திறந்தார். பிடியை விட்டதும் மூடி தானாக எழும்பியது. அவசரப்படாமல், ஒரு பெரிய மிருகம் தூங்கி எழும்புவதுபோல, மேலே மேலே போய் உச்சியில் ஒரு சின்ன ஆட்டம் ஆடி நின்றது. நான் குதித்தேன். பத்துத் தரம் மூடினோம், பத்துத் தரம் எழும்பியது. மூன்றாம் மாடிக்காரர் கீழே இறங்கி வந்து தானும் ஒருமுறை மூடிப் பார்த்தார்.

சித்தி பின்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"இடப் பக்கம் கொஞ்சம் பிந்துது" என்றார்.

சித்தப்பா மறுபடி மூடித் திறந்தார். இடது ஷொக் உண்மையாகவே வலதைவிட ஒரு நொடி பிந்தித்தான் விரிந்தது. அவர் திரும்பிச் சித்தியைப் பார்க்கவில்லை. ஆனால் நீண்ட நேரம் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வேலை ஆயுதங்களைத் துடைத்தார். கண்ணாடியில் காய்ந்துபோயிருந்த மை வட்டத்தைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு போன என்னை, அது கிடக்கட்டும் என்று தடுத்துவிட்டார்.

விமானம் பிறகு பறந்தது. பஞ்சிகாவத்தை நானா சொன்னபடி கடையைப் பூட்டிவிட்டு வந்து, தன்னுடைய ஷொக்குகள் எழும்பும் அழகை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கெல்லாம் இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அந்த விடுமுறையில் நடந்தது வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வலது இருக்கைக்கு மெத்தை தைக்க அளவெடுக்க வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். மூடி வளையில் இடிக்காத அளவுக்கு விமானத்தைக் கராஜ் வாசலுக்கு வெளியே தள்ளியிருந்தோம். ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இறங்கு பிள்ளை" என்றார் சித்தப்பா. பிறகு குசினிப் பக்கம் பார்த்து, பெயர் சொல்லாமல், "ஒருக்கா இஞ்ச வாருமன்" என்று கூப்பிட்டார்.

சித்தி வந்தார். கராஜ் வாசலில் செருப்பைக் கழற்றினார். விமானத்துக்குள் கால் வைக்க ஒரேயொரு இடம்தான் உண்டு. மற்ற இடமெல்லாம் மெல்லிய தகடு, மிதித்தால் நெளிந்துவிடும். எனக்கு அதைப் பழக்கச் சித்தப்பா ஒரு மாதம் கத்தியிருந்தார். சித்தி ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமலே, சரியாக அந்த இடத்தில் காலை வைத்து ஏறி உட்கார்ந்தார். சித்தப்பா அளவுநாடாவைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூடியை இறக்கி, சித்தியின் தலைக்கும் கண்ணாடிக்கும் இடையில் அளந்தார். "நாலு விரல் இருக்கு" என்றார்.

"கொண்டை போட்டால் மூண்டு" என்றார் சித்தி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஷொக்கை அமத்திப் பார்த்தது நான். அட்டை பிடித்தது நான். உள்ளே அகப்பட்டு அவிந்தது நான். நூலைப் பல்லால் கடித்ததும் நான். யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடி வந்து, அம்மாவிடம் எல்லாவற்றையும் அழுது அழுது சொன்னேன். வளையத்தைச் சொன்னேன், கூட்டாத கராஜைச் சொன்னேன், பிந்திய ஷொக்கையும் கால் வைத்த இடத்தையும் சொன்னேன். கடைசியாக, மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அந்தக் கராஜுக்குள் காலடி எடுத்து வைக்காத ஓர் ஆளுக்கு சித்தப்பா என்னுடைய இருக்கையைக் கொடுத்துவிட்டார் என்றேன்.

அம்மா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தா. நடந்ததெல்லாம் பெரிய அநியாயம், அதைக் கேட்டு யாரால் சிரிக்க முடியும் என்று நான் அவவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.